ஏறும் ஆட்கள், இறங்கும் ஆட்கள்: சேர்வராயன் மலையில் சுற்றுலாவும் உழைப்புச் சந்தையும்

சேர்வராயன் மலையில் இரண்டு குறைகளை ஒரே நாளில் கேட்கலாம். காட்டேஜ் நடத்துபவர்களும் காப்பி எஸ்டேட்காரர்களும் “ஆள் கிடைக்கவில்லை” என்பார்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, மாரமங்கலம் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஊர்களின் இளைஞர்கள் “இங்கே என்ன வேலை இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ கேரளத்துக்கோ பஸ் ஏறுவார்கள். ஆள் தேடும் முதலாளியும் வேலை தேடும் ஆளும் ஒரே மலையில் இருக்கிறார்கள், ஆனால் சந்தித்துக்கொள்வதில்லை. இந்த மலையின் சுற்றுலாவைப் பற்றிப் பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உழைப்புச் சந்தைகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் இந்தச் சிக்கல் தானே தீரும் என்பது பொருளியல் பாடம். ஆள் தட்டுப்பாடு உள்ள இடத்தில் கூலி ஏறும், ஏறிய கூலியைத் தேடி ஆட்கள் வருவார்கள், கொஞ்ச காலத்தில் இரண்டு பக்கமும் சமன் ஆகும் என்பார்கள். இந்தியாவில் அந்த இணைவு பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2011க்கும் 2016க்கும் இடையில் வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் என்று மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. அந்த ஓட்டத்தின் ஒரு கிளை சேலம் ஜங்ஷனில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியும் இரண்டு குறைகளும் தீரவில்லை. இணைவு இங்கே சுற்றுலாவை வளர்த்ததா, யாருக்காக வளர்த்தது, எந்த இடத்தில் தடுக்கி நின்றது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடைபோட அளவுகோல் வேண்டும். அரசுத் துறைகள் சுற்றுலாவை வந்துபோனவர்களின் தலையை எண்ணி அளக்கின்றன. மே மாதக் கோடை விழா முடிந்ததும் மலர்க்கண்காட்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே செய்தியாகிறது. கூட்டம் வருவதை வைத்து மட்டும் மலை வளர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்று கேள்விகளை வைக்கிறேன். மலையில் வாழும் குடும்பத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் வேலைநாட்கள் கூடினவா? பாத்திரம் துலக்குவதில் தொடங்கியவர் சமையலுக்கும் வரவேற்பு மேசைக்கும் நிர்வாகத்துக்கும் ஏறிப்போக வழி உண்டா? அறையும் கடையும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன? வெளியூரிலிருந்து வந்து உழைப்பவரையும் இந்தக் கேள்விகளுக்குள் வைத்தே பார்க்க வேண்டும். அவருடைய துயரத்தின் மேல் எழும் வளர்ச்சியை வளர்ச்சிக் கணக்கில் எழுதக் கூடாது.

பழைய இணைப்பு

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பி வேர்விட்ட காலத்திலிருந்தே இந்த மலையின் உழைப்பு வெளியுலகத்தோடு பிணைந்திருக்கிறது. தோட்டங்களுக்கு மேஸ்திரிகள் ஆள் கூட்டி வந்தார்கள். அதே நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை மாவட்டக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் இலங்கையின் தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போனார்கள். முன்பணம், கடன், கூட்டி வந்தவருக்கே கட்டுப்பட்டுக் கிடத்தல் ஆகியவற்றால் ஆன இணைப்பு அது. ஆட்கள் நூற்றுக்கணக்கான மைல் நகர்ந்தார்கள். பேரம் பேசும் வலு மட்டும் அவர்களுக்குக் கூடவே வரவில்லை.

மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டு வாழ்ந்தவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒதுக்கப்பட்டவை இதுவும் சேந்தமங்கலமும் ஆக இரண்டே தொகுதிகள். அரசியலில் கிடைத்த இந்த இடம் நிலத்தில் கிடைக்கவில்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலை, அங்கும் பழங்குடியினர், அங்கும் அரபிகா காப்பி. ஆனால் அது அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி. அங்கே பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறுவதை 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அதன் 1970 திருத்தமும் தடுக்கின்றன. ஆகவே காப்பி அங்கே பெரும்பாலும் பழங்குடிச் சிறு விவசாயிகளின் சொந்தப் பயிர். 2019இல் அரக்குக் காப்பிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஏற்காட்டில் பெரிய காப்பித் தோட்டங்கள் வெளியார் கையில் வளர்ந்தன. சிறு காணிகளும் தினக்கூலியும் மலைவாசிக்கு மிஞ்சின.

பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மால்கோ நிறுவனம் இந்த மலையில் பாக்சைட் வெட்டியது. இப்போது சுற்றுலா. தொழில்கள் மாறியிருக்கின்றன. மலைவாசியின் பெயர் ஏறும் பதிவேடு மட்டும் பெரும்பாலும் தினக்கூலிப் பதிவேடாகவே இருந்துவந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம், பின்வாசல்

சனிக்கிழமை மதியம் ஒரு நடுத்தர விடுதியின் பின்வாசலில் நின்று பார்த்தால் இந்தச் சந்தை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பத்தின் படுக்கை விரிப்புகள் மூட்டையாகக் கிடக்கும். அடுத்த குடும்பம் மலையேறிக்கொண்டிருக்கும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரூம் பாய் ஜார்க்கண்டையோ ஒடிசாவையோ அசாமையோ சேர்ந்த இளைஞராக இருப்பார். தந்தூரி அடுப்பருகே நிற்பவரும் வடக்கிலிருந்து வந்தவர். வரவேற்பு மேசையில் இருப்பவர் நகரத்தில் படித்தவர். பாத்திரம் துலக்கவும் வாசல் கூட்டவும் வந்திருப்பவர் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண். கடைசி பஸ்ஸுக்கு முன் அவர் கிளம்பியாக வேண்டும். காய்கறி சேலத்துச் சந்தையிலிருந்து வேனில் ஏறி வரும்.

இப்படிப் பங்கீடு ஆனது ஏன்? முதலாளிகள் சொல்லும் காரணம் தெரிந்ததுதான்: “உள்ளூர் ஆளு ரெண்டு நாள் வருவான், மூணாவது நாள் வரமாட்டான். ஊர்ல நோம்பின்னா ஒரு வாரம் ஆளே கிடைக்காது.” இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். வெளியூர் இளைஞர் விடுதியின் பின்னால் உள்ள அறையிலேயே தங்குகிறார். ராத்திரி 12 மணிக்கு வண்டி வந்தாலும் எழுந்து சாமான் தூக்குவார். அவருக்குப் போக வீடு பக்கத்தில் இல்லை, கேட்க உறவு இல்லை, பேரம் பேச மொழி இல்லை. முதலாளி அவரிடம் விலைக்கு வாங்குவது தனித்திறமையை அல்ல, 24 மணி நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வருவதை. வீடும் பிள்ளையும் மாடும் வயலும் உள்ள உள்ளூர்ப் பெண்ணால் அதைத் தர முடியாது. அவளைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். அந்த இளைஞர் அவள் வேலையைப் பறித்தார் என்று சொல்வதும் அநியாயம்.

வரவுப் பக்கம்

இணைவால் வந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முதலாவது, வெளியாட்கள் வராமல் இருந்திருந்தால் ஏற்காட்டில் இன்றுள்ள அறைகளில் பல திறந்திருக்கவே முடியாது. பெங்களூர், சென்னை, கோவையிலிருந்து வாரக்கடைசியில் வரும் கூட்டத்துக்குச் சமைத்துப் போட, துவைத்துக் கொடுக்க, நாள் பூராவும் கை வேண்டும். பல எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறிக்கவும் வடமாநிலக் குடும்பங்களே வருகின்றன. அவர்கள் வராவிட்டால் பழம் செடியிலேயே காய்ந்து உதிரும். தோட்டம் அழிந்தால் சுற்றுலாவும் சேர்ந்து நலியும், ஏனென்றால் வருபவர் பார்க்க வருவதே அந்தப் பச்சையைத்தான். ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், 2021இல் அங்குள்ள ஓட்டல்களும் உணவகங்களும் ஆளில்லாமல் திண்டாடின. கதவை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெளியே போக வழி இருப்பதே மலைவாசியின் கையை வலுப்படுத்துகிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் என்ன சம்பளம் என்று தெரிந்த இளைஞர், மேஸ்திரி சொன்ன கூலிக்குத் தலையாட்ட மாட்டார். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அது போட்ட அடித்தளத்தின் மேல் வெளிச்சந்தை இன்னொரு படியைப் போட்டது. பெங்களூர் ஓட்டலில் வேலை கற்று, கன்னடமும் இந்தியும் பேசப் பழகித் திரும்பும் இளைஞர்கள் சுற்றுலாவுக்குக் கிடைக்கும் பெரிய மூலதனம். அவர்கள் திரும்பி வரத் தக்க வேலை மலையில் இருந்தால்தான் அந்த மூலதனம் பயன்படும்.

செலவுப் பக்கம்

பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றைச் சொல்லிற்று: ஒரு நவீனத் தொழிலுக்கு வெளியிலிருந்து எல்லையில்லாமல் உழைப்பு வந்துகொண்டேயிருந்தால், தொழில் வளரும், லாபம் வளரும், கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சேர்வராயன் மலையின் விடுதித் தொழிலில் கீழ்ப்படி வேலைகளுக்கு நேர்ந்திருப்பது இதைப் போன்றதுதான். ஆள் பஞ்சம் என்றால் கூலி ஏற வேண்டும், பயிற்சி தர வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இவை மூன்றையும் செய்யாமலே தொழிலை நடத்தும் வசதியைத் தரகர் வழியாக வரும் உழைப்பு தருகிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இந்தத் தரகு முறையைக் கட்டுக்குள் கொண்டுவரவே இயற்றப்பட்டது. ஆள் கூட்டி வருபவர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. மலையில் நாலு அறை, ஆறு அறை வைத்து நடத்தும் இடங்களுக்கு இத்தகைய சட்டங்கள் எட்டுவது அரிது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. 20 பேருக்குக் குறைந்தால் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயமில்லை. பழைய தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள எஸ்டேட்டுகளைத்தான் பிடித்தது. ஆக இந்த மலையின் சிறு காட்டேஜும் சிறு தோட்டமும் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. பழங்குடிப் பெண்ணும் ஜார்க்கண்ட் இளைஞரும் ஒரே வகையில் பாதுகாப்பற்றவர்கள்.

வெளியே போகும் வழியும் எப்போதும் நல்ல வழியாக இருப்பதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். சேர்வராயன் மலையின் உறவுக்காரர்கள். சொந்த மலையில் ஆண்டு முழுவதும் வேலை இல்லாதவரைத் தேடி எந்தத் தரகரும் வரலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. இந்தச் சாவுகளை வெறும் சட்டம் ஒழுங்குச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

என் மூன்று கேள்விகளுக்கும் இதுவரை வரும் விடை இது: வேலைநாள் சீசனில் கூடி, சீசன் முடிந்ததும் வற்றிவிடுகிறது. மேலே ஏறிப்போகும் வழி மூடியே கிடக்கிறது. உடைமை பெரும்பாலும் மலைக்கு வெளியே இருக்கிறது.

ஒரே மலையில் இரண்டு சந்தைகள்

இதற்கு இணைவு அதிகமானதைக் காரணம் சொல்வோர் உண்டு. என் மதிப்பீடு வேறு. ராஞ்சிக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சந்தை இணைந்துவிட்டது. ஏற்காட்டிலேயே காப்பித் தோட்டத்துக்கும் பக்கத்துக் காட்டேஜுக்கும் இடையே இணையவில்லை. கேடு அங்கேதான் இருக்கிறது.

மலையின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அரபிகா காப்பிப் பறிப்பு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஆகவே சிவந்ததை மட்டும் பார்த்துப் பறித்து, பச்சையை விட்டுவிட்டு, அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று, கிளையை வளைத்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கும் வேலை அது. பச்சை கலந்தால் எடைபோடும்போது மேஸ்திரி திட்டுவார். பிறகு மார்ச்சில் முதல் மழை விழுந்தால் சில நாட்களில் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும். ஏப்ரலிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை சுற்றுலா சீசன். ஜூனிலிருந்து களை, உரம், கவாத்து, நிழல் மரக் கிளை கழித்தல். இதற்கிடையே ஆண்டு முழுவதும் சனி, ஞாயிறு கூட்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். பறிப்புக் காலம் நான்கு மாதம், மாதம் 25 நாள் என்றால் 100 நாள். சீசன் இரண்டரை மாதத்துக்குச் சுமார் 60 நாள். மீதி ஐந்தரை மாதத்தில் ஏறக்குறைய 24 வாரம். அவற்றின் சனி, ஞாயிறு மட்டும் 48 நாள். மூன்றையும் கூட்டினால் 208. அந்த 24 வாரங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் தோட்டத்தில் களையெடுப்பும் கவாத்தும் சேர்ந்தால் 240 எட்டிவிடும். 240 என்பது தொழிலாளிக்கு மிக முக்கியமான எண். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரைத்தான் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தொடர்பணியில் இருந்தவராக ஏற்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் எண் அதுதான். தோட்டம் தனியாக 100 சொச்சம் நாள் தருகிறது, விடுதி தனியாக 100 சொச்சம் நாள் தருகிறது. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை அந்தப் பெண் இரண்டு இடத்திலும் ‘சீசன் ஆள்’. சேர்ந்தால் அவர் தொடர்பணியில் உள்ள தொழிலாளி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைக் கூட்டம் பறிப்பின் உச்சத்தோடு மோதும். அந்தச் சில வாரங்களுக்கு மலையில் உள்ள கைகள் போதாது, வெளியாட்கள் வந்தே ஆக வேண்டும். ஆம், வரட்டும். உச்ச நாட்களுக்கு உதவிக்கு வருபவரும், ஆண்டு முழுவதும் உள்ளூர்க்காரருக்குப் பதிலாக வைக்கப்படுபவரும் ஒன்றல்ல.

இன்னொரு இழப்பும் இந்தப் பிரிவால் நேர்கிறது. காப்பித் தோட்டத்தில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவதற்குப் பயணிகள் காசு கொடுக்கிறார்கள். எந்தப் பழம் பறிக்கும் பதம், தண்டுத் துளைப்பான் விழுந்த செடி எப்படி வாடும், எந்த மரத்தில் மிளகுக்கொடி நன்றாக ஏறும் என்பதெல்லாம் அறிந்தவர் பறிப்புக்குப் போகும் அந்தப் பெண். அவர் வழிகாட்டியாக இருப்பதில்லை. அறிவு ஒரு சந்தையில் கிடக்கிறது, அதற்கு விலை இன்னொரு சந்தையில் கிடைக்கிறது.

மற்ற மலைகள், மற்ற ஊர்கள்

இந்தப் பிரிவு முற்றினால் என்ன ஆகும் என்பதை மூணாறு காட்டியது. தேயிலைச் சரிவுகளின் படத்தைக் காட்டித்தான் அங்கே சுற்றுலாவே நடக்கிறது. அந்தச் சரிவுகளைப் பராமரிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். கட்சித் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’ என்று தாங்களே திரண்டு, 20 சதவீத போனஸை வென்றார்கள். விடுதிகள் நிரம்பி வழிந்த ஊரில் லயத்து வீட்டுக் கூலி தனி உலகமாகவே கிடந்தது என்பதை அந்தப் போராட்டம் நாடறியச் செய்தது.

மாற்று வழிக்கும் கேரளமே சான்று. 2008இல் குமரகத்தில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டம், உள்ளூர்க் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களின் காய்கறியை விடுதிகள் வாங்கும்படி செய்தது. சொல்லிவிட்டால் நடந்துவிடவில்லை. சரக்கு சீராக வராது, விலை ஒத்துவராது என்ற தடைகள் வந்தன. பயிர் நாட்காட்டி போட்டும், விலை நிர்ணயக் குழு அமைத்தும் அவற்றைத் தீர்த்தார்கள். பிறகு 2017இல் மாநிலம் முழுமைக்கும் ஓர் இயக்கமாக அது வளர்ந்தது. இன்னொன்று, 1925இல் வடகரைப் பகுதியில் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்களுக்கே சொந்தமான அச்சங்கம்தான் இரிங்கலில் ‘சர்காலயா’ கைவினைக் கிராமத்தை நடத்துகிறது. கூலியாட்களின் சங்கத்தால் சுற்றுலா நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு இது போதுமான பதில்.

தோட்டத்தையும் விடுதியையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவரும் சட்ட வடிவம் பிரான்சில் 1985 முதல் இருக்கிறது. பல சிறு முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அந்தச் சங்கமே தொழிலாளியை வேலைக்கு அமர்த்தும். அவர் ஒரு பருவத்தில் ஒருவரிடமும் இன்னொரு பருவத்தில் இன்னொருவரிடமும் உழைப்பார். வேலை ஒப்பந்தம் ஒன்று, சம்பளச் சீட்டு ஒன்று. விவசாயத்திலும் பருவகாலத் தொழில்களிலும் இது நன்றாகவே வேரூன்றியிருக்கிறது.

ஒதுக்கீடு தீர்வாகுமா?

உள்ளூர்க்காரருக்கே இத்தனை சதவீத வேலை என்று சட்டம் போடலாமே என்ற குரலும் எழுகிறது. ஹரியாணா தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை மாநிலத்தவருக்கு ஒதுக்கிக் கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியாணா உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. கர்நாடகம் 2024இல் கொண்டுவர முயன்ற மசோதா அப்படியே நின்றுபோனது. பழங்குடியினர் நலனுக்காக, நடமாடும் உரிமைக்கும் குடியேறும் உரிமைக்கும் நியாயமான வரம்புகள் விதிக்க அரசியல் சாசனத்தின் 19(5) பிரிவு இடம் தருகிறது. அது பழங்குடியினருக்கான கவசம், அதைப் பேணத்தான் வேண்டும். ஆனால் வேலை ஒதுக்கீட்டுக்கு அது வழியாகாது. கீழ்ப்படி வேலைகளை ஒதுக்கினால் கீழ்ப்படியிலேயே ஆளைக் கட்டிப்போட்டதாகும். திருப்பூரிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் உழைக்கும் உரிமையைக் கேட்டுக்கொண்டே, ஏற்காட்டில் ஜார்க்கண்ட் பிள்ளையைத் தடுக்க நமக்கு அறமும் இல்லை. ஒதுக்கீட்டை நான் ஏற்கவில்லை.

தீர்ப்பு

நாடு தழுவிய உழைப்புச் சந்தை இணைவு சேர்வராயன் மலையின் சுற்றுலாவுக்கு அறைகளைத் தந்தது, கூட்டத்தைத் தாங்கும் வலுவைத் தந்தது. மலையின் வளர்ச்சியை அது தரவில்லை. உள்ளே வந்ததும் வெளியே போனதும் கீழ்ப்படி உழைப்பாகவே இருந்ததும், மலைக்குள்ளேயே இருக்கும் இரண்டு தொழில்களையும் யாரும் இணைக்காததும் காரணம். வெளிக்கதவு திறந்திருப்பது சரி. உள்கதவையும் திறக்க வேண்டும்.

செய்யக்கூடியவை கண்முன்னே இருக்கின்றன. ஏற்காட்டில் பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சிறு தோட்டங்களுக்கும் காட்டேஜ்களுக்கும் பொதுவான கூட்டு முதலாளியாக அது செயல்படலாம். ஆட்கள் அதன் பதிவேட்டில் இருந்தால் எண்ணிக்கை 20ஐத் தாண்டும், இ.எஸ்.ஐ.யும் வைப்பு நிதியும் சட்டப்படியே வந்து சேரும். வெளிமாநிலத் தொழிலாளரும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும். அப்போது மலிவான ஆள் என்று ஒருவரைக் காட்டி இன்னொருவரின் கூலியைக் குறைக்க முடியாது. மாலை வேலை முடிந்து பெண்கள் ஊருக்குத் திரும்ப வண்டி வசதி செய்வதை விடுதி உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். உள்ளூர் ஆள் வரமாட்டார் என்ற குறையில் பெரும் பகுதி அந்த ஒரு வண்டியிலேயே தீரும்.

ஏறிப்போகும் வழிக்குப் பயிற்சி வேண்டும். ஓட்டல் மேலாண்மை படிக்கத் தரமணிக்கும் துவாக்குடிக்கும் போகச் சொன்னால் நாகலூர்ப் பெண் போக முடியாது. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் குறுகிய காலச் சமையல், பரிமாறல் பயிற்சி தரும் மத்திய அரசின் ‘ஹுனர் சே ரோஜ்கார் தக்’ போன்ற திட்டங்களை மலைக்கே கொண்டுவந்து, பறிப்பும் சீசனும் இல்லாத மழைக்கால மாதங்களில் நடத்தலாம். உடைமைக்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘தர்த்தி ஆபா’ திட்டத்தில் நாடு முழுவதும் 1,000 பழங்குடி ஹோம்ஸ்டேக்களுக்கு உதவி அறிவிக்கப்பட்டது. புதிய அறை கட்ட 5 லட்சம் ரூபாய் வரை, பழையதைச் சீர்செய்ய 3 லட்சம் ரூபாய் வரை. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் சேர்வராயன் ஊர்கள் இதைக் கேட்டுப் பெற ஊராட்சிகள் முனைய வேண்டும். 2023இல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி தந்தது. தொழில் என்ற தகுதியை ஏற்றால், சலுகைகளோடு தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமைகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. கோடை விழா முடிந்து வந்தவர் எண்ணிக்கையை வெளியிடும்போது, மலையின் ஒன்பது ஊராட்சிகளிலும் சுற்றுலா எத்தனை வேலைநாட்களைத் தந்தது, எந்தப் படியில் தந்தது என்ற கணக்கையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். லேம்ப் சங்கமும் எஸ்டேட்காரர்களும் விடுதிக்காரர்களும் சேர்ந்து முதல் கூட்டுப் பதிவேட்டை அடுத்த காப்பிப் பறிப்புக்கு முன், அக்டோபரிலேயே திறக்க வேண்டும்.